தடுப்பூசி நீக்காத அச்சம்



மிகச் சாதாரணமான ஒரு கேள்வியுடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கொவிட் தடுப்பூசியை இரண்டு முறையும் ஏற்றிக்கொண்ட பின்னர், முதன்முதலாக ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பலரோடு இருந்து உண்ட அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெரும்பாலும் இராது. பயம் வந்த நாளை மனிதன் மறப்பதில்லை. பயம் போன நாளை அவன் குறித்து வைப்பதுமில்லை.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அன்று உண்ட உணவின் சுவையினால் அன்று. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டின்போது இருவர் என்னிடம் சொன்ன இரண்டு வார்த்தைகளினால். இரண்டும் சிறிய வார்த்தைகள். சொன்னவர்கள் அவற்றை இன்று மறந்திருப்பார்கள். ஆயினும் அவை என் மனச்சாட்சியிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை. அக்கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல என்று நினைப்பதாலேயே உங்களோடு பேச முன்வந்தேன்.

பரிமாறியவனின் வார்த்தை

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரம். ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய நாடளாவிய ஊரடங்கு ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலையில்தான் நீக்கப்பட்டிருந்தது. டெல்டா என்னும் வகைக் கிருமி பரவிய அந்த ஓகஸ்ட் மாதத்தின் கடைசி நாட்களில், நம் நாட்டில் நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் இறந்ததாக வானொலி சொல்லக் கேட்டு நாம் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கியிருந்தோம். அதன் பின்பு கிடைத்த முதல் நடமாட்டம் அது. ஓய்வூதிய அலுவல் ஒன்றுக்காகக் கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடந்து பட்டினத்துக்கு வந்தேன். அலுவல் முடிய மதியம் தாண்டிவிட்டது. முன்பு பல ஆண்டுகள் வாடிக்கையாகச் சாப்பிட்ட ஒரு கடை அருகில் இருந்தது. முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடை. வாசலில் சவர்க்காரமும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றுவிட்டு ஒரு மேசையில்தான் ஆட்களை இருத்தினார்கள். என் சட்டைப் பையில் தடுப்பூசி அட்டை இருந்தது. எவரும் அதைக் கேட்கவில்லை. இருந்தும் அது பையில் இருக்கிறது என்னும் நினைப்பே ஒரு தைரியத்தைத் தந்தது.

சோறும் மீன் கறியும் கொண்டுவந்து வைத்த பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். முகக்கவசம் நாடிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. அடுப்பு வெக்கையில் அதை ஏற்றி வைத்திருப்பது எளிதல்ல. பேச்சுக் கொடுத்தேன். வாவிக்கு அப்பால், படுவான்கரையைச் சேர்ந்தவன். குருக்கள்மடத்துக்கு வரும் பாதையில் ஏறி, பிறகு பஸ் எடுத்து வருகிறானாம். வீட்டில் அவனும் அம்மம்மாவும்.

“மகன், ஊசி போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“எங்கட வயசுக்கு இன்னும் வரல்ல சேர். மறுகா குடுப்பாங்களாம்” என்றான். சொல்லிவிட்டு அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டான்.

அவன் குறையாக எதையும் சொல்லவில்லை. ஒரு செய்தியைத்தான் சொன்னான். எனினும் நான் பிசைந்த சோறு சிறிது நேரம் கையிலேயே இருந்தது. என் வயதுக்கு முறை முதலில் வந்தது, ஊசியும் ஏறியது. அதனால் நான் பயமின்றி வந்து அமர்ந்திருக்கிறேன். எனக்குப் பரிமாறுபவனுடைய முறை வரவில்லை. நான் இருபது நிமிடத்தில் எழுந்து போய்விடுவேன். அவன் காலை முதல் இரவு வரை, முகக்கவசம் கழற்றிய நூறு பேருக்கு நடுவே நின்றுவிட்டு, இரவில் அம்மம்மாவிடம் திரும்பிப் போவான். என் பயம் போனதென்பது மெய். அது போய்ச் சேர்ந்த இடம் எது?

ஊசி செய்வதும் செய்யாததும்

உணர்ச்சிவசப்படுமுன் உண்மை நிலையைப் பார்ப்போம். 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகத் தந்த ஐந்து இலட்சம் கொவிசீல்ட் தடுப்பூசிகள் இலங்கைக்கு வந்தன. மறுநாளே அவை ஏற்றப்படலாயின. முதலில் சுகாதார ஊழியரும் பாதுகாப்புப் படையினரும் பெற்றார்கள். பின்னர் சீனாவின் சினோபாம் பெருந்தொகையாக வந்தது. எனக்குக் கிடைத்ததும் அதுவே. முப்பது வயதுக்கு மேற்பட்டோர் முதலிலும், இருபது முதல் முப்பது வரையானோர் செப்டெம்பரிலும் அழைக்கப்பட்டனர். இருபதுக்குக் குறைந்த ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு ஒக்டோபர் நடுப்பகுதியில்தான் தொடங்கியது. அதிலும் முதலிடம் பாடசாலை மாணவருக்கு. பாடசாலையை விட்டு மேசை துடைக்க வந்தவன் வரிசையின் கடைசியில் நின்றான்.

இந்த ஒழுங்கில் அநீதி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதியோருக்கே மரண ஆபத்து அதிகம். ஆகவே முதியோருக்கு முதலிடம் என்பது நியாயமே. ஆனால் அந்த நியாயம் “உயிர் காத்துக்கொள்” என்பதற்காக எனக்குத் தரப்பட்டது. “முதலில் போய் விருந்துண்” என்பதற்காகத் தரப்படவில்லை.

இன்னொன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசிகள் கடும் நோயையும் மரணத்தையும் பெரிதும் தடுத்தன. ஆனால் கிருமி ஒருவருக்குத் தொற்றுவதையோ, அவரிடமிருந்து மற்றவருக்குப் போவதையோ முற்றாகத் தடுக்கவில்லை. ஊசி ஏற்றியவன் தான் நோயில் விழாமலே மற்றவனுக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போக முடியும். சாப்பாட்டுக் கடை இதற்கு மிகவும் ஏற்ற இடம். பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கோவிலிலும் முகத்தை மூடிக்கொண்டு இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உண்பது எப்படி?

சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரியில் ஒரு நாள் மதியம் நடந்தது இதற்குச் சான்று. ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் இருந்து உண்டன. ஒருவரிடமிருந்து கிருமி பரவி, அந்த மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேர் நோயாளராயினர். குளிரூட்டியின் காற்று அந்த மேசைகளுக்கிடையே சுற்றி வந்ததே காரணம் என ஆய்வாளர் கண்டனர். அன்று அங்கே பரிமாறியவர்களுக்கு நோய் வரவில்லை. ஆனால் ஒரு மதியத்தின் கதை வேறு, ஓர் ஆண்டின் கதை வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல் ஒக்டோபர் வரை வேலை செய்யும் வயதினரின் மரணங்களைத் தொழில்வாரியாக எண்ணிப் பார்த்தார்கள். சமையற்காரரிடையே, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 60 வீதம் அதிகமான மரணங்கள் நேர்ந்திருந்தன. எல்லாத் தொழில்களிலும் மிகக் கூடிய ஆபத்துக்குள்ளானவர்களில் அவர்களும் அடங்குவர். பெரிய வைத்தியசாலைகளின் கதையை உலகம் அறிந்தது. அடுப்படிகளின் கதையை எத்தனை பேர் அறிந்தோம்?

போகாமல் இருந்துவிட்டால்?

“அப்படியானால் எல்லோருக்கும் ஊசி கிடைக்கும்வரை கடைப் பக்கம் போகாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதானே” என்று நீங்கள் சொல்லலாம். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன். ஆனால் விடயம் அவ்வளவு இலகுவானதல்ல.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு போடப்பட்டபோது, மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் வந்தது. என்னைப் போன்றோருக்கு ஓய்வூதியம் வந்தது. நாட்கூலிக்கு மேசை துடைப்பவனுக்கும் றொட்டி போடுபவனுக்கும் அன்றே வருமானம் நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தது. 2021 ஓகஸ்டில் 2,000 ரூபா கொடுத்தது. ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உலை வைத்திருக்கும் என்பதை, வாசகரே, வீட்டுக் கணக்குப் பார்க்கும் உங்கள் இல்லத்தரசியிடம் கேட்டறியுங்கள். ஆகவே, “நான் அவனுக்காகத்தான் கடைக்குப் போகவில்லை” என்று நான் வீட்டில் இருந்திருந்தால், அவன் நோயிலிருந்து தப்பிப் பசியில் விழுந்திருப்பான்.

மறுபுறம், “நான் அவனுக்குப் பிழைப்புக் கொடுக்கத்தான் போகிறேன்” என்று சொல்வதிலும் ஒரு போலித்தனம் ஒளிந்திருக்கிறது. நான் போனது பசித்ததால்; அதிலும் மீன் கறி மேலுள்ள ஆசையால். இல்லாத தர்மத்தை ஆசைக்கு மேலாடையாகப் போர்த்தக் கூடாது. மனச்சாட்சியின் பாதி வேலை, நமது காரணங்களுக்கு அவற்றின் சரியான பெயரைச் சூட்டுவதுதான்.

போவதும் அயலவனைத் தொடுகிறது, போகாமல் இருப்பதும் அயலவனைத் தொடுகிறது என்றால், கேள்வி “போகலாமா, கூடாதா” என்பதல்ல. “போகும்போது யாரை மனதில் வைத்துக்கொண்டு போகிறேன்” என்பதே கேள்வி. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் ஏறக்குறைய இதே சிக்கலைத்தான் எடுத்துப் பேசுகிறார். சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது அன்றைய பிரச்சினை. உண்பதில் குற்றமில்லை என்று தெளிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தெளிவு சரியானதென்றே சின்னப்பரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தெளிவுள்ளவன் தன் தெளிவை மட்டும் பார்த்து உண்ணக் கூடாது. பக்கத்தில் இருக்கும் பலவீனனுக்கு அதனால் என்ன நேரும் என்பதையும் பார்த்தே உண்ண வேண்டும் என்கிறார். தெளிவு என்னும் இடத்தில் தடுப்பூசி என்று வைத்துப் பாருங்கள்.

திருச்சபையின் அண்மைக்காலப் போதனையும் இதே வழியிலேயே செல்கிறது. 2020 டிசெம்பர் 21ஆம் திகதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பில், தடுப்பூசி ஏற்றிக்கொள்வது பொதுவாக ஒருவரின் சுய விருப்பத்துக்கு உரியது என்றும், ஆயினும் தன் சுகத்துக்காக மட்டுமன்றிப் பொதுநலனுக்காகவும் அதனைச் சிந்திக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்கள், தம்மால் நோய் பரவாதிருக்க வேறு எல்லா வழிகளையும் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்றும் அது கூறியது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஓகஸ்ட் 18ஆம் திகதி விடுத்த செய்தியில், தடுப்பூசி ஏற்றுவதை ஓர் அன்புச் செயலாக எடுத்துக் காட்டினார். அன்புச் செயலின் பலன் ஊசி குத்திய கையோடு நின்றுவிடலாகாது. அதன் பின் அந்தக் கை எங்கே போகிறது, எதை எடுக்கிறது என்பதும் அந்த அன்பின் பாகமே.

சில நாடுகள் இதைச் சட்டத்தால் தீர்க்கப் பார்த்தன. பிரான்சில் 2021 ஓகஸ்ட் 9ஆம் திகதி முதல், தடுப்பூசி பெற்றதற்கோ நோயற்றிருப்பதற்கோ சான்று காட்டாமல் உணவகத்தில் அமர முடியாதிருந்தது. பாரிஸ் நகரில் நம்மவர்கள் நடத்தும் கடைகளுக்கும் அதுவே விதி. அங்கு வேலை செய்வோருக்கு அந்த விதி ஓகஸ்ட் 30ஆம் திகதிதான் வந்தது. மூன்று வாரங்கள் உண்பவனைச் சோதித்தார்கள்; பரிமாறுபவனைப் பற்றிய கேள்வி பின்னர்தான் வந்தது. வேலை செய்வோருக்கு அவகாசம் கொடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பதை ஏற்கிறேன். நம் நாட்டிலும் 2022 ஜனவரி 1ஆம் திகதி முதல் பொது இடங்களுக்கு அட்டை கட்டாயம் என்று ஓர் அறிவித்தல் வந்தது. நான் போன எந்தக் கடையிலும் எவரும் அதைக் கேட்கவில்லை. சட்டம் வாசல்வரை வரலாம். மேசையில் இருப்பது மனச்சாட்சி ஒன்றுதான்.

முதலாளியின் வார்த்தை

அன்று நான் செய்தது சிறிய காரியம். யன்னலோரம் காற்றோட்டமாக இருந்த மேசைக்கு மாறினேன். பேச்சை நிறுத்திக்கொண்டு உண்டேன். உண்டு முடித்ததும் முகத்தை மூடிக்கொண்ட பின்பே பையனைக் கூப்பிட்டேன். கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திவிட்டேன் என்ற திருப்தியோடு காசு கட்டப் போனேன்.

முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுகம் விசாரித்தார். “கொரோனா எல்லாத்தையும் குழப்பிப் போட்டுது. ஒன்றரை வருசமா வெளியில இறங்கவே இல்ல” என்று நான் சொன்னேன்.

அவர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டே சிரித்தார். “கொரோனா வந்து ஒன்றரை வருசந்தான் சேர். நீங்க இஞ்ச வந்து ரெண்டரை வருசம்” என்றார்.

வாசகரே, கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 2021 ஒக்டோபரிலிருந்து இரண்டரை வருடம் பின்னால் போனால் வருவது 2019 ஏப்ரல்.

அந்த உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21. நமது பட்டினத்தின் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பிலும், நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் அடங்குவர். அந்தத் துயரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பின்னர் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, பல ஆண்டுகள் எனக்குச் சோறு தந்த ஒரு மனிதரின் கடைக்குப் போவதை நான் நிறுத்தினேன். தீர்மானம் எடுத்து நிறுத்தவில்லை. வேறு கடைக்குப் போகலானேன், அவ்வளவுதான். எவராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு கொவிட் வந்தது. நான் போகாமலிருப்பதற்குக் கௌரவமான ஒரு காரணம் தானாகவே கிடைத்தது. முதலாவது பயத்தின் மேல் இரண்டாவது பயத்தைப் போர்த்தி, “சுகாதாரக் காரணம்” என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டேன். அதை அந்த மனிதர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்து கணக்கு வைத்திருந்தார்.

ஊசி எனக்கு எந்தப் பயத்தை நீக்கியது என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

இரண்டு பயங்கள்

நோய்க்கு அஞ்சுவதும் மனிதனுக்கு அஞ்சுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒருவன் விலகி நிற்பான். இரண்டிலும் மற்றவன் தொட்ட பாத்திரத்தைத் தயக்கத்தோடு பார்ப்பான். நமது சமூகத்துக்கு இந்த விலகல் புதியதன்று. சாதியின் பேரால் சிலருக்குத் தேநீர்க் கடைகளில் இருக்கை மறுக்கப்பட்டது. வேறு குவளை வைக்கப்பட்டது. உணவுச் சாலைகளில் அப்படி மறுப்பதைக் குற்றமாக்கி 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதன் பின்னும் அறுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்காகவே மக்கள் போராட வேண்டியிருந்தது. அங்கே விலகி நின்றதற்குக் கிருமி எதுவும் காரணமாயிருக்கவில்லை.

உணவை வைத்தே மனிதனை அஞ்சச் செய்வது நமது அயல் மாவட்டத்திலும் நடந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு பரிமாறப்பட்டதென்று ஒரு கூச்சல் எழுந்தது. கடை தாக்கப்பட்டது; பள்ளிவாசலும் சேதமாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்ததில், அங்கு கண்டது மாவுக் கட்டியே அன்றி வேறில்லை எனத் தெரியவந்தது. மாவுக் கட்டியைக் கண்டு நஞ்சென்று நம்ப ஒரு கூட்டம் ஆயத்தமாக இருந்ததென்றால், அந்த நஞ்சு பாத்திரத்திலா இருந்தது?

கொவிட் காலத்தில் இதே பயம் இறந்தவரையும் தொடர்ந்தது. நோயால் இறந்த அனைவரையும் தகனமே செய்ய வேண்டும் என 2020 ஏப்ரலில் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், ஏறத்தாழ பத்து மாதங்கள் அந்த விதி நீடித்தது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல், நமது மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகரில்தான் நாடெங்கும் இறந்தவர்கள் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஏனைய மதத்தவரும், கிறிஸ்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். 2024 யூலையில் அரசாங்கத்தின் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது. விஞ்ஞானத்தின் பேரால் செய்யப்பட்டதற்கு விஞ்ஞானம் காரணமாக இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள நான்கு ஆண்டுகள் சென்றன.

அப்படியாயின், நம் உள்ளத்தில் இருப்பது எந்தப் பயம் என்பதை எப்படிப் பிரித்தறிவது? பல நாள் யோசித்ததில் எனக்கு இரண்டு அடையாளங்கள் தெரிகின்றன. அவை சரியா என்று நீங்கள் உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, நோய்க்கு அஞ்சுவது நியாயமான அச்சமென்றால் அது தன்னையும் சந்தேகிக்கும். “அவனிடமிருந்து எனக்கு வந்துவிடுமோ” என்பதோடு, “என்னிடமிருந்து அவனுக்குப் போய்விடுமோ” என்றும் கேட்கும். நாம் போட்ட முகக்கவசம் பெரிதும் மற்றவரைக் காக்கவே உதவியது. நாம் விட்ட இடைவெளி இருவருக்கும் சம தூரம். மனிதனுக்கு அஞ்சுவதோ ஒருவழிப் பாதை. அது எப்போதும் மற்றவனை மட்டுமே சந்தேகிக்கும். தன்னால் எவருக்கும் தீங்கு வரலாம் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது.

இரண்டாவது, நியாயமான அச்சம் காரணம் தீர்ந்ததும் தீரும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி கொவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அதற்கு முன்பே நாம் இடைவெளிக் கோடுகளை மறந்துவிட்டோம். மனிதனுக்கு அஞ்சுவதோ, ஒரு காரணம் தீர்ந்தால் இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். என்னுடைய பயம் 2019இல் ஒரு காரணத்தோடும் 2020இல் வேறொரு காரணத்தோடும் அதே கடை வாசலில் நின்றதே, அதுதான் அதன் அடையாளம்.

மேசையிலிருந்து விலகுவது பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்தியோக்கியாவில் புனித இராயப்பர் முதலில் புறவினத்தாரோடு தாராளமாக உண்டுவந்தார். யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல மெல்ல அந்தப் பந்தியிலிருந்து ஒதுங்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் ஒதுங்கினார்கள். சின்னப்பர் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் வாசிக்கிறோம். இராயப்பர் எவரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. எழுந்து போனார், அவ்வளவே. அந்த எழுந்து போதலே கண்டனத்துக்குரியதாயிற்று. என்னைக் கண்டித்தவர் சின்னப்பரைப் போல முகத்துக்கு நேரே கண்டிக்கவில்லை. மிச்சக் காசைக் கையில் தந்துவிட்டுச் சிரித்தார்.

நம்மிடம் இருக்கும் மேசை

நமது வாவிக்கரையின் வாழ்க்கையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மணிமாலை போல் மாறி மாறி வருகின்றன. படுவான்கரையில் விளையும் நெல்லும், வாவியில் பிடிபடும் மீனும், காத்தான்குடிக் கடையின் துணியும் ஒன்றையொன்று தேடித்தான் வருகின்றன. பாடசாலைகள் பெரும்பாலும் தனித்தனி. ஆலயங்கள் தனித்தனி. மயானங்களும் தனித்தனி. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து வாய் திறக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று சாப்பாட்டுக் கடை. அன்று அந்த மேசையில் நடந்ததைப் பாருங்கள். படுவான்கரையின் இந்துப் பையன் ஒருவன், ஒரு முஸ்லிம் முதலாளியின் அடுப்பில் வெந்த சோற்றை, ஒரு கத்தோலிக்கனுக்குப் பரிமாறினான். இதற்கு எவரும் மாநாடு கூட்டவில்லை. பசி கூட்டி வைத்தது.

அந்த மேசைக்குத் திரும்புவதை நான் இனி என் உரிமையென்று கருத மாட்டேன். கடனென்றே கருதுவேன். எனக்கு முன் எவரோ ஆய்வுகூடத்தில் விழித்திருந்தார். எவரோ தம் உடலைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். தாதியொருவர் வெயிலில் நின்று ஊசி குத்தினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன், முணுமுணுக்காமல் தன் முறைக்குக் காத்திருந்தான். என் பயமின்மை இத்தனை பேரிடம் வாங்கியது. வாங்கியதை எங்காவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

சில மாதங்களுக்குப் பின்பு, 2022இல் சமையல் வாயுவும் இல்லை, எரிபொருளும் இல்லை என்ற நிலை வந்தது. பல சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடந்தன. அந்தக் கடையில் விறகு வைத்துச் சமைத்தார்கள். நான் போனபோது மேசை துடைத்தவன் வேறு பையன்.

“படுவான்கரைப் பெடியன் எங்க?” என்று முதலாளியிடம் கேட்டேன்.

“கட்டாருக்குப் போயிட்டான் சேர். ஊசி ரெண்டும் போட்டுத்தான் போனான். நானே கூட்டிக்கொண்டு போய்ப் போட்டன்” என்றார்.

“அம்மம்மா?”

“இருக்கிறா. மாசா மாசம் காசு அனுப்புறான்.”

அப்பொழுதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவனுக்கு ஊசி கிடைத்ததா என்று கவலைப்பட்டேன். கையில் காசு கொடுத்தேன். இத்தனை நாள் அவனைப் பற்றி யோசித்தேன். அவன் பெயரை மட்டும் கேட்டிருக்கவில்லை. “படுவான்கரைப் பெடியன்” என்றே என் நினைவில் வைத்திருந்தேன். முதலாளி பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும்கூடச் சொன்னார்.

அன்பு வாசகரே, இன்று நாம் எல்லோரும் கடைகளுக்குத் திரும்பிவிட்டோம். கையில் அட்டையும் இல்லை, முகத்தில் கவசமும் இல்லை. இன்னொரு தொற்று எப்போதாவது வரலாம். அன்றும் ஊசி வரலாம். அன்றும் ஒரு வரிசை இருக்கும். அப்போது வரிசையில் முன்னால் நிற்பவர் நீங்களாக இருந்தால், பின்னால் நிற்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இப்போதைக்கு ஒரு சிறிய காரியம் போதும். நீங்கள் போகாமல் விட்ட கடை ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். எப்போதிலிருந்து போகவில்லை என்று மனதுக்குள் கணக்குப் பாருங்கள். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால், வருகிற வாரம் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தட்டை வைப்பவரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.